பின்சீட்டு பிரேக்

"ஏத்தம்" என்கிறாள் ஐடா. அவள் சொல்வதற்கு முன்பே என் தொடைக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் "ம்" என்கிறேன், சொல்வது அவள் வேலை, கேட்டுக்கொள்வது என் வேலை, அதுதான் ஏற்பாடு, கல்யாணத்திலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதானே என்று மெக்கானிக் ஷிபு கிண்டலடிப்பான், அடிக்கட்டும், அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ரெட்டைச் சைக்கிளில் முன்சீட்டில் அவள், பின்சீட்டில் நான், என் மூக்குக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது, இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு நேரம் ஒரே மூச்சாக இவள் முதுகுக்குப் பக்கத்தில் நான் இருந்ததே கிடையாது. வியர்வை, பவுடர், ஹெல்மெட்டுக்குள் நனைந்த பஞ்சின் வாசம். என் கையிலிருக்கும் ஹேண்டில்பார் திரும்பாது, அதை அவள் சீட்டுத் தண்டில் இறுக்கியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ள மட்டும்தான், அவள் இடுப்பு அசைந்தால் என் உள்ளங்கை அசையும். திருப்புவது அவள், கியர் அவள், முன் பிரேக்கும் பின் பிரேக்கும் அவள். எனக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று, வலது கைப்பக்கம் ஒரு லிவர், மூன்றாவது பிரேக், நீண்ட மலை இறக்கத்தில் மற்ற இரண்டும் சூடேறிக் கைவிட்டுவிடாமல் இருக்க வண்டியை மொத்தமாக இழுத்துப் பிடிப்பதற்கென்று ஷிபு பின்சக்கரத்தில் மாட்டிக்கொடுத்தது. கண் தெரியாத ஆள் கையிலா பிரேக்கைக் கொடுக்கிறீர்கள் என்று எங்கள் சைக்கிள் கிளப்பில் கேட்காத வாய் இல்லை. அது என் கையிலேயே இருக்குமா, ஐடாவின் கைக்குப் போய்விடுமா என்பது இன்றைக்கு மலை ஏறி இறங்குவதற்குள் தெரிந்துவிடும்.

வலது கன்னத்தில் வெயில், அப்படியென்றால் இன்னும் வடக்கேதான் போகிறோம், தடிக்காரன்கோணம் பின்னால் போய்விட்டது, ரப்பர் ஷீட்டு காயப்போட்ட வாசம் வருகிறது, புளித்த தயிரையும் பழைய செருப்பையும் ஒரே சட்டியில் போட்டு மூடிவைத்த மாதிரி, இந்த வாசம் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். விடிந்ததும் முட்டத்தில் முன்சக்கரத்தைக் கடலில் நனைத்துவிட்டுத்தான் கிளம்பினோம், சக்கரம் நனையாமல் இந்த மலையில் ஏறக்கூடாது, அது எங்கள் கிளப்பின் வழக்கம், யார் ஆரம்பித்தது என்று கேட்டால் நான்தான், கேலிக்குச் சொன்னதை எல்லாரும் சட்டமாக்கிவிட்டார்கள். இந்தப் பாதையே நான் போட்டதுதான். முட்டத்திலிருந்து ராஜாக்கமங்கலம், நாகர்கோவில், பூதப்பாண்டி, பிறகு ரப்பர்க் காடு, பிறகு சிலம்பாறை எஸ்டேட் வரை மலை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், இந்த மலையில் எந்த வளைவுக்கு எத்தனை போஸ்ட் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், வேலை நாளில் ஜீப்பில் ஏறுவேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் சைக்கிளில் ஏறுவேன், பாஸ்டர் அய்யா என்னைப் பார்த்து ஒரு தடவை, கர்த்தர் உமக்குக் கால் கொடுத்தது முழங்கால் போடுவதற்கும் சேர்த்துத்தான் என்றார். அந்தக் கால்தான் இப்போது மிதித்துக்கொண்டிருக்கிறது. கால் போகவில்லை. கண்தான் போயிற்று, நரம்பு, அழுத்தம், மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்தோம், முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடு, கடைசியில் இடது கண்ணின் மூலையில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் தங்கிவிட்டது, கதவிடுக்கில் வெயில் விழுவது போல, அதுவும் யாருக்கும் உபயோகமில்லாத வெளிச்சம், பகலா இரவா என்று சொல்லும், அவ்வளவுதான்.

"குழி" என்கிறாள். பின்பக்கம் தூக்கி விழுகிறது, நான் பிருஷ்டத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டதால் தப்பித்தேன், ஒரே சொல்லில் பேச வேண்டும் என்பது வண்டியின் மேல் எங்கள் விதி, குழி, கியர், சவுட்டு, நிறுத்து, பிடி, விடு. சவுட்டு என்றால் மிதி, எங்கள் ஊர்ப்பக்கம் சைக்கிளைச் சவுட்டத்தான் செய்வோம். ஆரம்பத்தில் அவளுக்கு வாய் வரவில்லை, கல்யாணமான நாள் முதல் வாங்க போங்க என்று பழகிய வாய், "பிடிங்" என்று இழுத்து "க" வருவதற்குள் குழி வந்துவிட்டது, இரண்டு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டோம், அன்றைக்கு ஷிபு சொன்னான், "டீச்சர், வண்டியில ஏறினா மரியாதைய எறக்கி வச்சிரணும், இல்லேன்னா ஆஸ்பத்திரியிலதான் மரியாதை கிடைக்கும்." இந்த வண்டியே அவள் யோசனைதான். நான் என்னுடைய பழைய சைக்கிளை விற்கச் சொன்ன நாள் முதல் அவள் பள்ளிக்கூடத்தில் தவளையையும் மண்புழுவையும் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்து சாயந்திரம் கியர் சைக்கிள் பழகினாள், இந்த வயதில், மைதானத்தில், தன்னிடம் படித்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, விழுந்து எழுந்து பழகினாள், ஒரு நாள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு நீளமான வண்டியின் மேல் வைத்தாள், ஷிபு இரண்டு சைக்கிள் ஃபிரேமை அறுத்து ஒட்டியிருந்தான், நான் தடவிக்கொண்டே போகிறேன், சீட்டு, கம்பி, மறுபடியும் சீட்டு, முடியவே இல்லை. அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும், ஷிபு வெளியே போய்விட்டான், நான் நன்றாக அழுதேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வண்டியோடு விழுந்தோம், நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அதுதான் வரும், சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் இடறுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே வந்து ஒரு டக். பாதி மலை வரை ஏறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், ஏறும்போது மழை இரைச்சலில் எனக்கு ரோட்டின் சத்தம் எதுவும் பிடிபடவில்லை, இப்போது தூறல் விட்டிருந்தது, அவள் "விடு" என்று சொல்லியிருந்தாள், என் மனதில் பாதை ஓடிக்கொண்டிருந்தது, போஸ்ட், போஸ்ட், அடுத்தது பலாமூட்டு வளைவு, கிளப்பில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் நான் எச்சரிக்கை செய்கிற இடம், பலாமரம் வருவதற்கு முன்னாலேயே பிரேக் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் நேரே தோட்டுக்குள், ஓடைத் தண்ணியில். ஐடா பிடிக்கச் சொல்லவில்லை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், செத்தோம் என்று நினைத்தேன், லிவரை ஒரே இறுக்காக இறுக்கினேன். ஈரத் தாரில் பின்சக்கரம் வழுக்கி வண்டி படுத்துவிட்டது, அவளுக்கு முழங்கையில் தோல் போயிற்று, எனக்கு முட்டு. நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டே சண்டை போட்டோம். "இங்க வளைவே இல்ல" என்றாள். "உண்டு" என்றேன். "இல்லங்க, புதுப் பாலம் கெட்டி ரோட்ட நேராக்கியிருக்காங்க." "நான் போஸ்ட் நட்ட ரோடாக்கும் இது, எனக்கா சொல்லித்தாற?" அவள் எழுந்தாள், வண்டியைத் தூக்கினாள், கையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு வகுப்புக் குரலில் சொன்னாள், "இன்னும் ஒரு மட்டம் பாப்பேன், ஒரே ஒரு தடவ. நான் சொல்லாம இனி பிடிச்சியள்னா அந்த லிவர் எனக்க பக்கம் வந்திரும்." ஷிபுவிடமும் சொல்லிவைத்துவிட்டாள், அவன் இன்றைக்குக் குட்டியானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு மலைமேல் போய்க் காத்திருக்கிறான், சட்டைப் பையில் ஸ்பானர் இருக்கும்.

அந்த இடம் வரப்போகிறது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் இரண்டு பேரும் அதைத்தான் நினைக்கிறோம், என் உள்ளங்கைக்குத் தெரிகிறது, அவள் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் இறுகிவிட்டது. நான் காத்திருக்கிறேன், இப்போது இடது பக்கம் சாயும், வளைவு என்று ஒன்று இருந்தால் சாயாமல் எப்படித் திரும்பும், இதோ, இப்போது, இப்போது. சாயவில்லை. தார் வழுவழுவென்று ஆகிறது, பிறகு சக்கரத்துக்குக் கீழே சத்தம் மாறுகிறது, உள்ளே காலியாக இருக்கிற ஒன்றின் மேல் போகிற சத்தம், கீழே தண்ணீர் ஓடுகிறது, பாலம்தான், நேராக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறோம், பலாப்பழ வாசம் இல்லை, காய்ந்த இலை நொறுங்கவில்லை, மரத்தையே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்குச் சொல்லாமல். இதென்ன பைத்தியக்காரத்தனம், ரோட்டை நேராக்குவதற்கு என்னிடம் வந்து கேட்க வேண்டுமா, ஆனாலும் நெஞ்சில் முதலில் வந்தது கோபம்தான், வெட்கம் அதற்குப் பின்னால் பையப் பைய நடந்து வருகிறது. நான் கண்ணை மூடின நாளில் உலகம் அப்படியே நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது அதன் பாட்டுக்கு மரம் வெட்டிப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறது. பாலம் முடிகிற வரைக்கும் ஐடா ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தியளா, நான் சொன்னேன் இல்லியா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம், நானாக இருந்தால் இரண்டு தடவை சொல்லியிருப்பேன். "ஆமா" என்கிறேன் நான். "என்னது ஆமா?" என்கிறாள். "ஒண்ணுமில்ல." "ம். கியர்" என்கிறாள்.

செங்குத்து. மூச்சு வாங்குகிறது, எனக்கா அவளுக்கா என்று பிரிக்க முடியவில்லை, ஒரே சங்கிலியில் இரண்டு நுரையீரல் மாட்டியிருக்கிறது. சவுட்டு. சவுட்டு. லிவர் போய்விட்டால் நான் என்ன, வெறும் மூட்டை, கால் முளைத்த மூட்டை, சந்தைக்குப் போகிற சாக்கு. கல்யாண வீட்டில் பந்தியில் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, என் தலைக்கு மேலாக அவளிடம் கேட்கிறார்கள், டீச்சர், சாருக்குப் பாயசம் ஊத்தலாமா, சாருக்குச் சோறு போதுமா, நான் அங்கேதானே இருக்கிறேன், காது நன்றாகக் கேட்கிறது, வாயும் இருக்கிறது, ஆனால் கண் போனவனுக்கு மற்றதெல்லாம் கூடவே போய்விடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐடாவும் பதில் சொல்லிவிடுகிறாள், பழக்கம், போதும் என்கிறாள், போதாது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு கை கழுவப் போகிறேன், அதுவும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. வீட்டில் பால்கணக்கு, வெளியில் பேங்கு, ஆட்டோ, ஆஸ்பத்திரி, எல்லாவற்றிலும் முன்சீட்டு அவள்தான். எனக்கு உலகத்தில் மிச்சமிருக்கிற பொறுப்பு ஒரு விரல் நீளத்துக்கு வலது கையில் இருக்கிறது, குளிர்ந்த அலுமினியம், நுனி உருண்டையாக. நான் பிடித்தால்தான் நிற்கும் என்று ஒன்று இருக்கிறதே, அது போகக் கூடாது. போகக் கூடாது என்று பயந்து பயந்துதான் அன்றைக்கு இறுக்கினேனோ என்னவோ. "என்ன, கால் ஓஞ்சுபோச்சா?" என்கிறாள். "ஓயல்ல." "பின்ன நான் மட்டும் சவுட்டுத மாதிரி இருக்கே." அய்யய்யோ என்று மிதிக்கிறேன், யோசனையில் காலை விட்டுவிட்டேன், மூட்டையைப் பற்றி யோசித்து யோசித்தே மூட்டையாகிவிட்டேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிராம்பு வாசம், அதற்குப் பிறகு காற்று, எல்லாப் பக்கமிருந்தும் காற்று, மேலே வந்துவிட்டோம். "நிறுத்து" என்கிறாள், காலை ஊன்றியதும் அடுத்த நொடியே "பைய எறங்குங்க, இடது பக்கம் கல்லு கெடக்கு" என்று மரியாதை திரும்பி வந்துவிடுகிறது. "அண்ணே, ஏறிட்டியளே!" என்று ஷிபு ஓடி வருகிறான், அவன் ஓடும்போது பையில் ஸ்பானர் சாவியோடு உரசிச் சத்தம் போடுகிறது, எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஏத்தன்பழம் உரித்துக் கையில் தருகிறான், பிளாஸ்கிலிருந்து பால் ஊற்றாத கட்டன்சாயா. "கடல் தெரியுதா?" என்று ஐடாவிடம் கேட்கிறேன். இந்த இடத்துக்கு வந்தால் கடலைப் பார்க்க வேண்டும், காலையில் சக்கரத்தை நனைத்த அதே கடல் இவ்வளவு உயரத்திலிருந்து தெரிய வேண்டும், அதற்காகத்தான் நான் இந்தப் பாதையைப் போட்டதே. "தெரியுது" என்கிறாள். "எப்பிடி இருக்கு?" "ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ நீலம், மேல வெள்ள. அந்தால ஒரு குச்சி மாதிரி நிக்கிது, லைட் ஹவுஸா செல்போன் டவரான்னு தெரியல்ல." இவளை நம்பிக் கடல் பார்க்க வந்தேன் பாருங்கள். ஆனால் அந்தக் கோடு எனக்குப் போதும், மிச்சத்தை நான் போட்டுக்கொள்வேன், போட்டுக்கொண்டேன், முட்டத்துப் பாறையும் கட்டுமரமும் எல்லாம் போட்டாயிற்று, பாதி பழம் கையிலேயே இருக்கிறது. "கீழ நடுவழியில மேகம் எறங்கிக் கெடக்குத மாதிரி இருக்கு டீச்சர், வண்டியில ஏத்திரட்டா?" என்கிறான் ஷிபு. நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். "வேண்டாம் ஷிபு, எறங்கிப் பாப்போம்" என்கிறாள் ஐடா, "நீ எங்களுக்குப் பொறத்த வா." ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "ஞாபகம் இருக்குல்லா?" என்கிறாள். "இருக்கு" என்கிறேன்.

இறக்கம். "விடு" என்கிறாள், விடுகிறேன், மலை எங்களை எடுத்துக்கொள்கிறது. காற்று காதுக்குள் புகுந்து பேச ஆரம்பிக்கிறது, அதற்குள்ளிருந்து அவள் குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டும், "பிடி", பிடிக்கிறேன், ஒரே அளவாக, பின்சக்கரம் முனகுகிறது, சாய்கிறோம், வலது, நிமிர்கிறோம், "விடு". இறக்கத்தில் அவளுக்கு மூக்கால் ஒரு முனகல் உண்டு, பாட்டு என்று சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடியதில் மிஞ்சிய துண்டு, அவளுக்கே தெரியாமல் வரும், இப்போது வந்துகொண்டிருக்கிறது, கிணற்று ராட்டினம் மாதிரி ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குகிறது. என் மனதில் போஸ்ட் ஓடுகிறது, ஓடாதே என்றால் கேட்கவா போகிறது, அடுத்தது தண்ணித்தொட்டி வளைவு, பிடிக்க வேண்டும், இப்போதே பிடிக்க வேண்டும், விரல் தானாக மடங்குகிறது, அவள் பிடிக்கச் சொல்லவில்லை, மறந்துவிட்டாளா, மறந்தாலும் மறந்திருப்பாள், மனுஷிதானே, டேய் மடக்காதே, நிமிர்த்து, பலாமூடு என்ன ஆயிற்று, பாலம் ஆயிற்று, உன் தண்ணித்தொட்டி மட்டும் அங்கேயே நிற்கும் என்று யார் சொன்னார்கள். விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறேன், அது பெரிய வேலை, மலை ஏறியதைவிடப் பெரிய வேலை. அப்புறம் வருகிறது, "பிடி", நான் நினைத்ததற்கு எவ்வளவோ தள்ளி, ஆனால் சரியான இடத்தில், வண்டி வெண்ணெயில் கத்தி போவது போல வளைந்து போகிறது. அடி ஐடா! நான் இத்தனை வருஷமாக அந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் முட்டில்தான் பட்டது, குளிர், ஈரத்துணியைப் போர்த்தின மாதிரி, பிறகு முகத்தில். இடது கண்ணின் மூலையில் மரத்துக்கு மரம் வெட்டி வெட்டி வந்துகொண்டிருந்த வெளிச்சம் சட்டென்று வெட்டுவதை நிறுத்தி ஒரே பாலாக ஆகிவிட்டது. மேகத்துக்குள் போய்விட்டோம். சொல்வாள், இப்போது சொல்வாள். சொல்லவில்லை. வண்டி போய்க்கொண்டிருக்கிறது. அவள் முனகல் நின்றுவிட்டது. எப்போது நின்றது, இப்போதுதான், ஏறி இறங்க வேண்டிய இடத்தில் ஏறாமல் பாதியில் நின்றுபோயிற்று. பிடிக்கலாமா. பிடித்தால் லிவர் போயிற்று, ஒரு தடவை பார்ப்பேன் என்று சொன்னாள், அந்த ஒரு தடவை இதுதான், ஷிபுவின் பையில் ஸ்பானர் குலுங்குகிறது, மூட்டை, சாருக்குச் சோறு போதுமா. இது எந்த இடம், மொட்டைப்பாறை, இடது பக்கம் பள்ளம், இல்லை, மொட்டைப்பாறை தாண்டியாயிற்று, தெரியவில்லை, என் மேப்பைத் தூக்கித் தோட்டில் போடு, அது செத்துப்போன மேப்பு, வேறு என்ன இருக்கிறது என்னிடம், இந்த ஹேண்டில்பார் இருக்கிறது, அதில் அவள் இருக்கிறாள். நடுங்குகிறது. ரோட்டின் நடுக்கம் இல்லை இது, ரோட்டின் நடுக்கம் கீழேயிருந்து வரும், இது மேலேயிருந்து வருகிறது, அவள் சீட்டைவிட்டுப் பின்னால் எழும்பியிருக்கிறாள், இடுப்பு என் கைக்குள் வந்து முட்டுகிறது, மூச்சு விடவில்லை, என் ஐடா மூச்சு விடவில்லை. போகட்டும் லிவர். பிடித்தேன். அன்றைக்குப் போல ஒரே இறுக்காக இல்லாமல், கிணற்றுக்குள் குடத்தை விடும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது போல, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சக்கரம் முனகிற்று, அதைக் கேட்ட பிறகுதான் அவள் கை விழித்துக்கொண்டது போல அவளுடைய பிரேக்கும் வந்து சேர்ந்தது, வண்டி தயங்கித் தயங்கி நின்றது. என் கால் தேடி ஊன்றியது. சரளைக்கல், புல். தார் அங்கே முடிந்திருந்தது.

"நான் சொல்லல்லியே" என்கிறாள் ஐடா, வகுப்புக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "இல்ல" என்கிறேன், "நீ சொல்லல்ல." ஈரம் இலையிலிருந்து சொட்டுகிறது. எங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு பெரிய காலியிடம் இருக்கிறது, சொட்டுகிற சத்தம் அந்தப் பக்கமிருந்து திரும்பி வரவில்லை. "பின்ன எப்பிடிப் பிடிச்சீங்க? இந்த வளைவு ஞாபகம் இருந்துதா?" பொய் சொல்லலாம், ஆமாம் என்று ஒரு வார்த்தை, நான் போஸ்ட் நட்ட ரோடாக்கும் என்று சொன்னால் இன்றைக்கு நம்புவாள். "இது எந்த வளைவுன்னே எனக்குத் தெரியாது" என்கிறேன். "ஒனக்க பாட்டு நின்னுபோச்சு." ஹெல்மெட்டைக் கழற்றினாள், மறுபடி போட்டாள், வாரின் சத்தம் கேட்டது. "நாக்கு ஒட்டிப்போச்சுங்க" என்கிறாள், "எல்லாம் வெள்ளையாட்டு ஆயிட்டு. பிடின்னு சொல்லணும்னு தெரியுது, வாயி தெறக்கல்ல." "பேடிச்சியா?" "பேடிச்சேன்." பாம்பைக் கையால் பிடித்து ஜாடிக்குள் போட்டு வகுப்பில் காட்டுகிற பொம்பளை. பயந்தேன் என்று இவள் சொல்லி நான் கேட்டதே இல்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி பார்வை வராது என்று சொன்ன அன்றுகூட, செரி, ஆட்டோ பிடிப்போம் என்றுதான் சொன்னாள். நான் அவள் தோளைத் தேடிக் கையை வைத்தேன், நனைந்திருந்தது. பின்னால் ஷிபு ஹார்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்து வந்தான், கண்ணாடியை இறக்கி, "ஏத்திரட்டா?" என்றான். "வேண்டாம், மேகம் தாண்டுத வரைக்கும் நடக்கோம்" என்றாள். நடந்தோம், அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால், நான் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு, காலுக்குக் கீழே தார் தீர்ந்து புல் வந்தால் நான் "புல்லு" என்பேன், அவள் வண்டியை உள்பக்கம் இழுப்பாள். யாருக்கும் அவசரமில்லை. எனக்கு இந்த நடை பழக்கம்தான், அவளுக்குத்தான் புதுசு.

"தெரியுது!" என்று கத்துகிறாள், சின்னப் பிள்ளை மாதிரி, "கீழ எல்லாம் தெரியுது, பூதப்பாண்டிக் குளம் வரைக்கும் தெரியுது!" என் கண் மூலையிலும் வெயில் மறுபடி வெட்ட ஆரம்பித்தது. ஏறினோம். லிவரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, விதியை மீறியாயிற்று, மீறினதில் எனக்கு வருத்தமில்லை என்பதுதான் ஆச்சரியம், போனால் போகட்டும் என்று முதல் தடவையாக உண்மையாகவே தோன்றியது, ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விரல் அதைத் தடவிக்கொண்டது. "பிடி", "விடு", "பிடி", முனகல் திரும்ப வந்துவிட்டது, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. தார் வழுவழுக்கிறது. எனக்குத் தெரியும் இது எது என்று. "பாலம் வருது" என்கிறாள், ஒரே சொல் விதியை அவளும் மீறுகிறாள், "நேரா இருக்கு, வண்டி ஒண்ணும் வரல்ல, விடு!" விட்டேன். ஐந்து விரலையும் விரித்தே விட்டேன், லிவர் காற்றில் தனியாக நின்றது, பலாமரம் இருந்த இடத்தில், வளைவு இருந்த இடத்தில், நான் இத்தனை வருஷம் எல்லாரையும் எச்சரித்த இடத்தில் நேராகப் பறந்தோம், பாலம் தடதடவென்று கீழே ஓடிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றால்தான், இல்லை, காற்றால் மட்டுமில்லை. சந்தோஷமாக இருந்தேன். இந்தச் சொல்லை நான் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோயிருந்தேன். ஐடா சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் சிரிப்பு என் உள்ளங்கை வழியாக வந்துகொண்டிருந்தது.

தடிக்காரன்கோணத்தில் சாயாக்கடை முன்னால் காலை ஊன்றுகிறோம். பெஞ்சில் உட்கார்கிறோம். கடைக்காரர் டம்ளரை அலசுகிற சத்தம், பிறகு என் தலைக்கு மேலாக அவர் குரல், "டீச்சர், சாருக்குச் சீனி போடலாமா?" "அவருக்கிட்ட கேளுங்க" என்கிறாள் ஐடா. கடைக்காரர் குரல் என் முகத்துக்கு நேரே இறங்கி வருகிறது, "சார், சீனி?" "போடுங்க, நல்லா போடுங்க" என்கிறேன் நான். "கொறச்சுப் போடுங்க" என்கிறாள் அவள் உடனே, எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதுவும் சரிதான். குட்டியானை வந்து நிற்கிறது, கதவு சாத்துகிற சத்தம், ஷிபுவின் செருப்பு, சாவியோடு ஸ்பானர் உரசுகிறது. "டீச்சர், அந்த மேகத்துக்குள்ள நீங்க சொல்லியா அண்ணன் பிடிச்சாரு?" அவள் பதில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், "இல்ல ஷிபு, அவ சொல்லாமத்தான் பிடிச்சேன்." சாயா கையில் சுடுகிறது, டம்ளரை மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. ஷிபு தொண்டையைக் கனைத்துக்கொண்டான், பாவம், அவனுக்கே கஷ்டமாக இருக்கிறது போல. ஸ்பானரைப் பையிலிருந்து எடுத்துவிட்டான், சாவி தனியாகக் குலுங்குகிறது. "அப்ப இங்கயே மாத்திரட்டா டீச்சர்? லிவர உங்க பக்கம் கொண்டுவாறதுக்கு அதிக நேரம் ஆகாது." ஐடா சாயாவை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, வகுப்பில் கேள்வி கேட்ட பையனைக் காக்கவைப்பது போல.

"எதுக்கு?" என்கிறாள். "எனக்கு ரெண்டு கைதானே உண்டு, ஷிபு."

ஸ்பானர் திரும்பப் பைக்குள் விழுகிற சத்தம் கேட்டது.